ஊத்துக்குட்டை ஆமைகள்

பிப்ரவரி 3, திங்கள்

என் அக்கா மகள் நித்யகலா இன்று காலை பஸ்ஸில் வந்து இறங்கினாள். முதுகில் ஒரு மூட்டை, கையில் ஐஸ் பெட்டி. கல்யாண வயதில் பெண்கள் நகைப்பெட்டியோடு வருவார்கள். இவள் மீன்காரி மாதிரி வருகிறாள். பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறாளாம். எதை என்று கேட்டேன். ஆமையை என்றாள். நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டது.

எங்கள் நல்லிமடைக் குளத்து ஆமையின் ரத்தத்தை ஊசியில் எடுத்துச் சோதிக்கப் போகிறாள். குளத்துக்கு மேலே ஓடைக்கரையில் சாய ஆலை இருக்கிறது. முன்பெல்லாம் ஓடை திங்கட்கிழமை சிவப்பாகவும் செவ்வாய்க்கிழமை நீலமாகவும் ஓடும். இப்போது சுத்தம் செய்துதான் விடுகிறார்கள், கண்ணாடி மாதிரி தெளிவு. நிறம் போனால் அழுக்கும் போயிற்று. ஒன்பதாம் வகுப்பு வரை படித்த எனக்கு இது தெரிகிறது. அந்தக் காலத்து ஒன்பது இந்தக் காலத்து எம்.ஏ.வுக்குச் சமம். பத்தாவது போயிருந்தால் கலெக்டர் ஆகி ஊரைவிட்டுப் போய்விடுவேன் என்று பயந்துதான் என் அப்பா நிறுத்திவிட்டார்.

சாப்பிடும்போது, ஏன் ஆமை, மாடு ஆகாதா என்று கேட்டேன்.

"ஆமை ஒரே தண்ணில பல வருசம் கெடக்கும்ங்க மாமா. அந்தத் தண்ணில இருக்கறதத்தான் திங்கும். பறவை மாதிரி பறந்து போயிடாது. தண்ணிக்கு என்ன ஆச்சுன்னு அதோட ஒடம்பக் கேட்டாத் தெரியும்" என்றாள்.

ஆமையிடம் கேட்பாளாம், என்னிடம் கேட்கமாட்டாளாம். நானும்தான் அறுபது வருடத்துக்கு மேலாக இதே தண்ணீரில் கிடக்கிறேன்.

மகன் வெளியூர் வேலையில் இருக்கிறான், மருமகள் கோகிலவாணிக்கு இது நாலாவது மாதம். கல்யாணமாகி ஒன்பது வருடம், முன்பு இரண்டு முறை தங்கவில்லை. வீட்டில் யாரும் இதைப் பற்றிச் சத்தமாகப் பேசுவதில்லை. நானும் இதற்கு மேல் எழுதமாட்டேன். அவள் குடிப்பது எந்தத் தண்ணீர் என்று நித்யகலா கேட்டாள். எங்கள் கிணற்றுத் தண்ணீர்தான், வேறென்ன? ஒரு மந்திரி இந்த வழியாகப் போகும்போது காரை நிறுத்திக் கேன் கேனாகப் பிடித்துப்போன தண்ணீர் அது. எந்த மந்திரி என்று கேட்டாள். படித்தவர்களிடம் இதுதான் தொல்லை.

பிப்ரவரி 4, செவ்வாய்

குளத்தில் ஆமை பிடித்தோம். நான் கரையில் நின்று யோசனை சொன்னேன், அவள் இடுப்பளவு தண்ணீரில் நின்று வலை போட்டாள். பிடிப்பது யார் வேண்டுமானாலும் செய்யலாம். எங்கே பிடிப்பது என்று சொல்வதுதான் கஷ்டம். நான் சொன்ன இடத்தில் ஒன்றும் அகப்படவில்லை. என் குரலுக்குப் பயந்து எல்லாம் எதிர்க்கரைக்குப் போய்விட்டன, அங்கே அவளுக்குச் சுலபமாகக் கிடைத்தன. ஆக, அதுவும் என் உபயம்.

ஆமையைத் தொட்டாலே கேஸ் என்பதால் அனுமதிக் கடிதம் வாங்கியிருக்கிறாள். வன அதிகாரி ஒருவர் வந்து பார்த்தார். என்னைக் கண்டதும் விறைத்து நின்று சல்யூட் அடித்தார். நெற்றியில் கொசு அடித்தார் என்று நித்யகலா சொல்கிறாள்.

ஆண் ஆமை மட்டும்தான் வேண்டுமாம். வால் தடித்து நீண்டிருந்தால் ஆண், வயிற்று ஓடும் கொஞ்சம் குழிந்திருக்கும். பெண்ணுக்கு வால் சின்னது. இது எனக்கு முன்பே தெரியும், இன்று அவள் சொன்னபோது ஞாபகம் வந்தது.

"ஆண் ஆமை ரத்தத்துல முட்டைக்கரு உண்டாக்கற சத்து இருக்கவே கூடாதுங்க மாமா. இருந்துச்சுன்னா, தண்ணிக்குள்ள ஏதோ ஒண்ணு பொண்ணுக்குச் சுரக்கற சுரப்பு மாதிரி வேசம் போட்டு அதோட ஒடம்ப ஏமாத்துதுன்னு அர்த்தம். ஆலைல துணி அலசற சோப்பு மருந்துல அப்படி ஒண்ணு வருதுங்க. நெறம் இருக்காது, வாசம் இருக்காது."

நிறமும் இல்லாமல் வாசமும் இல்லாமல் ஒரு அழுக்கு. இதற்கு அரசாங்கம் சம்பளம் கொடுக்கிறது.

பேக்கரியில் போய்ச் சொன்னேன். பேக்கரிக்காரன் சின்னச்சாமி, "உங்க பேரே அர்த்தநாரிதானுங்க, பாதி ஆம்பள பாதி பொம்பள. உங்களுக்கும் ஒரு ஊசி போட்டுப் பாக்கச் சொல்லுங்க" என்றான். அவன் போடும் டீயைக் கழுநீர் என்றுகூடச் சொல்ல முடியாது, கழுநீருக்கு ருசி உண்டு.

ரத்தம் எடுத்த ஆமைகளின் ஓட்டில் நீலப் பொட்டு வைத்துக் குளத்திலேயே விட்டுவிட்டாள். பொட்டு கோகிலவாணியின் நெயில் பாலிஷ். ஆமைக்கு அலங்காரம்.

பிப்ரவரி 6, வியாழன்

குளத்து ஆமை மட்டும் போதாதாம். ஆலைத் தண்ணீர் எட்டாத இடத்து ஆமையும் வேண்டுமாம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் கெட்டது எது, கெடாதது எது என்று தெரியுமாம். இதையாவது ஒழுங்காக யோசித்திருக்கிறாள்.

கிணற்றடியில் நின்று பேசிக்கொண்டிருந்தோம். எங்கள் பக்கத்தில் கிணறு வெட்டினால் ஆமை விடுவது வழக்கம். பாசி, புழு, செத்த தவளை எல்லாவற்றையும் தின்று தண்ணீரைச் சுத்தமாக வைக்கும். என் அப்பா விட்ட ஆமைகளின் வம்சம் இன்னும் எங்கள் கிணற்றில் இருக்கிறது. கோகிலவாணி பழஞ்சோற்றை வீசினால் வாயைத் திறந்துகொண்டு மேலே வரும். குளத்தில் தண்ணீர் ஏறினால் என் கிணற்றில் ஏறும், குளம் வற்றினாலும் கிணறு கடைசியில்தான் வற்றும், அப்படி ஒரு ராஜ ஊற்று என்று சொன்னேன்.

அவள் சட்டென்று நிமிர்ந்தாள். "அப்ப ரெண்டுக்கும் ஒரே ஊத்துங்களா மாமா? இந்தக் கெணத்து ஆமையயும் ஒரு தடவ பாத்துடலாம்ங்களா?"

எனக்கு வந்ததே கோபம். என் வீட்டுக் கிணற்றைச் சந்தேகப்பட என் அக்காளுக்கே தைரியம் கிடையாது. என் வீட்டு ஆமைக்கு ஊசி போட விடமாட்டேன் என்று கறாராகச் சொல்லிவிட்டேன். சுத்தமான ஆமைதானே வேண்டும்? கரட்டுமேல், அந்தப் பாறைக் குன்றின் உச்சியில், ஊத்துக்குட்டை இருக்கிறது. ஆலை இல்லை, வயல் இல்லை, சுற்றிலும் பாறை. வாரம் தவறாமல் நான் போய் நீந்துகிற இடம். நானே பிடித்து வருகிறேன் என்றேன். அவளுக்கு ஒரே சந்தோஷம்.

பிப்ரவரி 8, சனி

முட்டி வலி. ருக்மணி தைலம் தேய்த்தாள். தேய்த்துக்கொண்டே கரட்டைப் பற்றி ஏதோ சொன்னாள். மனைவி சொல்வதையெல்லாம் எழுத ஆரம்பித்தால் நோட்டு போதாது.

பிப்ரவரி 9, ஞாயிறு

இன்றைய சாதனையை விவரமாக எழுதவேண்டும், பிற்காலத்தில் புத்தகமாக வரும்.

நித்யகலா ரத்தக் குப்பிகளை ஐஸில் வைத்துக்கொண்டு கோயம்புத்தூர் போயிருந்தாள். ருக்மணியும் கோகிலவாணியும் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தார்கள். நான் தனி ஆளாகக் கரடு ஏறினேன். செங்குத்துப் பாறை. பாதி வழியில் ஒரு சிறுத்தை. அது என்னைப் பார்த்தது, நான் அதைப் பார்த்தேன், அது வெட்கப்பட்டு ஒதுங்கிக்கொண்டது. ஊத்துக்குட்டையில் குதித்தேன். ஒரே முக்கில் ஆறு ஆமை. அத்தனையும் ஆண். வாலைப் பிடித்துப் பார்த்தே சாக்கில் போட்டேன்.

காதுகுத்துக்காரர்கள் பந்தி முடிந்து திரும்பும்போது நான் கட்டிலில் படுத்திருந்தேன். கிணற்றுக் கயிறும் கூடையும் ஏன் நனைந்திருக்கின்றன என்று ருக்மணி கேட்டாள். களைப்பாக வந்தேன், தண்ணீர் சேந்திக் குளித்தேன் என்றேன். மோட்டார் இருக்கும்போது கயிறு எதற்கு, கூடையில் எப்படித் தண்ணீர் சேந்துவது, கிணற்றடியில் கருவாடு ஏன் நாறுகிறது என்று அடுக்கினாள். கருவாடு சிறுத்தைக்குப் போட எடுத்துப்போனது என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். நல்ல பதில் என்றால் அப்படித்தான் இருக்கவேண்டும்.

பிப்ரவரி 10, திங்கள்

நித்யகலா ஆறு ஆமைக்கும் ரத்தம் எடுத்துச் சிவப்புப் பொட்டு வைத்தாள். கரட்டு ஆமைக்கு இவ்வளவு கொழுப்பா என்று ஆச்சரியப்பட்டாள். மனிதரைப் பார்த்தால் தலையை உள்ளே இழுக்காமல் வாயைத் திறக்கின்றனவே என்றாள். மலை ஆமை மனிதரையே பார்த்ததில்லை, அதனால் பயம் தெரியாது என்று விளக்கினேன். எழுதிக்கொண்டாள். பட்டம் வாங்கியவளுக்கு நான் பாடம் நடத்துகிறேன்.

திரும்பக் கொண்டுபோய் விடும்போது தானும் வருவதாகச் சொன்னாள். சிறுத்தை குட்டி போட்டிருக்கிறது, பெண்பிள்ளை வரக்கூடாது என்று தடுத்துவிட்டேன். அவள் குளிக்கப் போனாள். குளித்துவிட்டு வருவதற்குள் நான் கரடு ஏறி, ஆமைகளை விட்டு, இறங்கிவிட்டேன். எனக்கு நடை அப்படி.

பிப்ரவரி 19, புதன்

தேங்காய் பறிக்க ஆள் வரவில்லை. மோட்டாரில் எலி கடித்த வயரை நானே மாற்றினேன், பிறகு எலெக்ட்ரீஷியன் வந்து சரியாக மாற்றினான். கோகிலவாணிக்கு வாந்தி குறைந்திருக்கிறது. தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்லி டாக்டரம்மா சொன்னாராம். குடிக்கிறாள்.

மார்ச் 3, திங்கள்

நித்யகலா போன் செய்தாள். குளத்து ஆண் ஆமைகளின் ரத்தத்தில் முட்டைச் சத்து இருக்கிறதாம். நான் சிரித்தேன். ஊத்துக்குட்டை ஆமைகளுக்கும் இருக்கிறதாம், இரண்டு ஆமைக்குக் குளத்து ஆமையைவிட அதிகமாம். நான் சிரித்துக்கொண்டேதான் இருந்தேன், ஆனால் சத்தம் வரவில்லை, டவர் சரியில்லை.

"கரட்டு மேல ஒரு சோப்புக்கட்டிகூடப் போகாதுங்களே மாமா. அங்க எப்படிங்க?" என்று கேட்டாள். எனக்கு எப்படித் தெரியும்?

சாப்பிடும்போது கோகிலவாணி இன்னொரு சொம்பு தண்ணீர் கேட்டாள். மோர் குடி கண்ணு என்றேன். மோரிலும் அதே தண்ணீரைத்தான் ஊற்றியிருக்கிறது என்று பிறகு ஞாபகம் வந்தது.

மார்ச் 4, செவ்வாய்

மனது சரியில்லாததால் பேக்கரிக்குப் போனேன். போன இடத்தில் ஆமை விஷயத்தைக் கொஞ்சம் சொன்னேன். கரட்டு ஆமைக்கும் அப்படித்தானாம், அக்கா மகளுக்குத் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை, இதற்காகவா அரசாங்கம் படிக்கவைக்கிறது என்று சொல்லி எல்லோரையும் சிரிக்கவைத்தேன். மூலை பெஞ்சில் சாய ஆலை மேனேஜர் தனசீலன் இருந்தான். அவன் மட்டும் சிரிக்கவில்லை. இன்னொரு டீ சொல்லி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, முதலிலிருந்து சொல்லச் சொன்னான். இந்த ஊரில் கேட்கத் தெரிந்த ஆள் அவன் ஒருவன்தான்.

மார்ச் 8, சனி

தனசீலன் ஆப்பிள், மாதுளை எல்லாம் வைத்த கூடையோடு வீட்டுக்கே வந்தான். ஆலையில் இன்னொரு ஷெட் போடப் போகிறார்களாம். அதற்கு ஊர் மக்களின் கருத்தைக் கேட்க பதினேழாம் தேதி கல்யாண மண்டபத்தில் கூட்டம், அதிகாரிகள் வருகிறார்கள். நித்யகலா அங்கே தன் ஆராய்ச்சியைச் சொல்லி ஷெட்டைத் தடுக்கப் பார்ப்பாளாம்.

"நீங்க ஒண்ணும் ஆலைக்காகப் பேச வேண்டாம்ங்க ஐயா. ஊத்துக்குட்டை ஆமையை நான்தான் புடிச்சேன், அங்க ஆலை கெடையாதுன்னு உள்ளத உள்ளபடி சொல்லுங்க, போதும். ஆலையே இல்லாத எடத்து ஆமைக்கும் அப்படித்தான்னா, அது ஆமையோட சுபாவம்னுதானே அர்த்தம்?"

உள்ளதை உள்ளபடி. முன்வரிசை நாற்காலி, மைக், பொன்னாடை. பழக்கூடையைப் பார்த்து ருக்மணி, ஆப்பிளைக் கழுவ எந்தத் தண்ணீரை எடுக்கட்டும் என்று கேட்டாள். ஏன் அப்படிக் கேட்டாள் என்று தெரியவில்லை. அவளுக்கு ஒன்றும் தெரியாது.

மார்ச் 12, புதன்

நித்யகலா வந்திருக்கிறாள். கண்ணுக்குக் கீழே கருவளையம். குப்பிகளில் பெயர் எழுதும்போது தான்தான் மாற்றி எழுதிவிட்டோமோ என்று திரும்பத் திரும்பக் காகிதங்களைப் புரட்டுகிறாள். அவளுடைய பேராசிரியர் அப்படித்தான் நினைக்கிறாராம். தப்பு எல்லோருக்கும் வரும் கண்ணு என்று தலையைத் தடவிக்கொடுத்தேன். சிறியவர்களைப் பெரியவர்கள் மன்னிக்கவேண்டும்.

நாளைக்கு ஊத்துக்குட்டைக்குப் போய்ப் பார்க்கலாம் என்றாள். கால் சுளுக்கிவிட்டது என்றேன். சொன்ன பிறகு மறக்காமல் நொண்டினேன்.

மார்ச் 14, வெள்ளி

காலையில் கோகிலவாணி கிணற்றடியிலிருந்து கூப்பிட்டாள். அவள் கூப்பிட்டால் நான் போகவேண்டியதில்லை, இருந்தாலும் போனேன். எட்டிப்பார்க்கச் சொன்னாள். பழஞ்சோற்றைத் தின்ன ஒரு ஆமை மேலே வந்திருந்தது. ஓட்டில் சிவப்புப் பொட்டு.

கரட்டிலிருந்து மணம் பிடித்து நடந்து வந்திருக்கும், ஆமைக்கு மூக்கு ஜாஸ்தி என்றேன். அவள் சிரிக்கவில்லை. இன்னொன்று வந்தது. அதற்கும் பொட்டு.

"அப்ப நான் குடிக்கறது எந்தத் தண்ணிங்க மாமா?" என்று கேட்டாள்.

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்துத் தும்மல் வந்துவிட்டது. அவள் வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு அங்கேயே நின்றாள். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் நானும் உயர்த்தியிருப்பேன், விஷயம் அத்தோடு முடிந்திருக்கும்.

"போன ரெண்டு தடவையும் இந்தத் தண்ணியாலதான்னு நான் சொல்ல வரலீங்க. அது யாருக்குந் தெரியாது, நித்யாவுக்கே தெரியாது. ஆனா தெரிஞ்சும் எனக்கு ஊத்திக் குடுத்துட்டு இருந்தீங்களே. கூட்டத்துல நீங்களே சொல்லிடுங்க. மாமனாரக் காட்டிக்குடுத்தவன்னு எனக்குப் பேர் வேண்டாம். நீங்க சொல்லலீன்னா அந்தப் பேரும் வரட்டும்னு சொல்லுவேன்."

மருமகளுக்குப் பயப்படுகிற ஆள் நான் அல்ல. நாளைக்கு முதல் வேலையாகக் கடைக்குப் போகவேண்டும், அது வேறு விஷயம்.

மார்ச் 15, சனி

கேன் தண்ணீர் வாங்கி வந்தேன். கிணற்றுத் தண்ணீர் ரொம்பவே இனிக்கிறது, சர்க்கரை வியாதிக்கு ஆகாது. எனக்குச் சர்க்கரை இல்லை. வரக்கூடாது என்றுதான்.

மார்ச் 17, திங்கள்

மண்டபத்தில் ஊரே கூடியிருந்தது. பாதிப் பேர் பஜ்ஜிக்கு வந்தவர்கள். மேடையில் இரண்டு அதிகாரிகள். ஒருவர் தூங்கினார், இன்னொருவர் தூங்குகிறவரைப் பார்த்துப் பொறாமைப்பட்டார். எனக்கு முன்வரிசை, தோளில் பொன்னாடை. துணி மட்டம்தான், சாயம் போகும்.

நித்யகலா பேசினாள். குளத்து ஆமையைப் பற்றித் தெளிவாகத்தான் சொன்னாள். தனசீலன் எழுந்து கரட்டு ஆமைக்கு என்ன முடிவு என்று கேட்டான். வேறு எவளாக இருந்தாலும் சளி பிடித்தமாதிரி இருமிச் சமாளித்திருப்பாள். இவள், அதற்கும் அதே முடிவுதான், ஏன் என்று தனக்குப் புரியவில்லை என்று மைக்கில் சொல்கிறாள். பொய் சொல்லத் தெரியாதவள் எதற்கு மேடை ஏறவேண்டும்?

கூட்டம் சலசலத்தது. படித்த முட்டாள் என்று எனக்குப் பின்னால் சின்னச்சாமி சொன்னான். அந்த வார்த்தையை அவளுக்கு வைத்தது நான்தான், பேக்கரியில். வேறு வாயிலிருந்து வந்தபோது கேட்க நன்றாயில்லை. அவன் வாய், வெற்றிலை வாய்.

தனசீலன் என்னை அழைத்தான். ஊத்துக்குட்டையில் உயிரைப் பணயம் வைத்து ஆமை பிடித்த பெரியவர் என்றான். நான் மைக்கைப் பிடித்தேன். பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில் கோகிலவாணி உட்கார்ந்திருந்தாள். அவள் எழுந்திருப்பதற்காக முன் நாற்காலியில் கையை ஊன்றினாள்.

"அந்த ஆமை ஊத்துக்குட்டையில புடிச்சதில்லீங்க" என்றேன். "என்ற கெணத்துல புடிச்சது. நான் கரடு ஏறவே இல்லீங்க."

மண்டபமே சிரித்தது. நான் வாழ்நாள் முழுவதும் எத்தனையோ விஷயம் சொல்லியிருக்கிறேன், மந்திரி காரை நிறுத்தினார் என்றேன், சிறுத்தை வெட்கப்பட்டது என்றேன், எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டவர்கள் இதற்குப் போய்ச் சிரிக்கிறார்கள். கூடையில் கருவாடு கட்டிக் கயிற்றில் இறக்கினேன் என்றேன். இன்னும் சிரிப்பு. தூங்கிய அதிகாரிகூட எழுந்து சிரித்தார். அக்கா மகளைக் காப்பாற்றப் பெரியவர் கதை கட்டுகிறார், குறிப்பில் ஏற்றவேண்டாம் என்று தனசீலன் மைக்கை வாங்க வந்தான். ஐயாவின் பேச்சை ஊரே அறியும் என்றான். நான் மைக்கை விடவில்லை. அவன் இழுத்தான். பொன்னாடை கீழே விழுந்தது.

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து ருக்மணி எழுந்தாள். கோகிலவாணி இல்லை, ருக்மணி. முப்பத்தைந்து வருடத்தில் அவள் நாலு பேர் முன்னால் பேசியதில்லை. மைக் இல்லாமலே பேசினாள்.

"ஏனுங்க ஆபீசரு, இந்த மனுசன் அந்தக் கரட்டுல கால் வெச்சு இருவது வருசத்துக்கு மேல ஆச்சுங்க. மாடிப்படி ஏறவே என்ற தோளப் புடிக்கோணும். நீச்சலும் தெரியாதுங்க. அன்னிக்குக் கெணத்தடியே கருவாட்டு நாத்தம். இவரு சொன்னதுல இது ஒண்ணுதாங்க நெசம், எழுதிக்கங்க."

சிரிப்பு நின்றது. அதிகாரி பேனாவைத் திறந்து எழுதிக்கொண்டார். கிணறு குளத்திலிருந்து எவ்வளவு தூரம், யார் குடிக்கிறார்கள் என்று கேட்டார். கோகிலவாணி எழுந்து நின்று, நான் குடிக்கறேனுங்க என்றாள். அவள் நின்றதே போதும், பெண்கள் பக்கம் ஒருவர் பின் ஒருவராகக் குளத்தடிக் கிணறுகளின் பெயரைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள்.

ஷெட் விஷயம் தள்ளிவைக்கப்பட்டது. குளத்தடிக் கிணறு எல்லாவற்றையும் சோதித்த பிறகுதான் அடுத்த கூட்டமாம். தனசீலன் என்னைப் பார்க்காமல் போனான். பழக்கூடையைத் திருப்பிக் கேட்பானோ என்று நினைத்தேன். கூடை காலி.

நீச்சல் தெரியாது என்று சபையில் சொல்லியிருக்கவேண்டாம் ருக்மணி. எனக்கு நீச்சல் தெரியும். தண்ணீரில் இறங்குவதில்லை, அவ்வளவுதான்.

மார்ச் 18, செவ்வாய்

நித்யகலா என்னோடு பேசவில்லை. கிணற்றிலிருந்த ஆமைகளைத் தானே பிடித்து, தானே பார்த்து, தானே எழுதிக்கொண்டாள். ஆறுக்கும் சிவப்புப் பொட்டு இருந்தது. பிறகு கிணற்றுத் தண்ணீரைக் குப்பிகளில் பிடித்தாள். கயிற்றைப் பிடித்துக் கொடுக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டினாள்.

பஸ் ஏறும்போதுதான் பேசினாள். "பேராசிரியருகிட்ட என்ற தப்புன்னு எழுதிக்குடுத்துட்டேன்ங்க மாமா. இப்ப மாமா தப்புன்னு மாத்தி எழுதோணும். எப்படி எழுதறதுன்னு தெரியல."

அர்த்தநாரி என்று முழுப்பெயரையும் போட்டு எழுது என்றேன். பஸ் போய்விட்டது.

யோசித்துப் பார்த்தால், என் கிணற்றை ஊசிக்கு விடமாட்டேன் என்று நான் சொன்னபிறகு அதை யார் சோதித்திருப்பார்கள்? நான் அன்று ஒழுங்காகக் கரடு ஏறியிருந்தால் இந்த உண்மை வெளியே வந்தே இருக்காது. ஆக, கண்டுபிடித்தது நான். இதை ருக்மணியிடம் சொன்னேன். கையிலிருந்த கரண்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அந்த இடத்தில் நிறுத்திக்கொண்டேன்.

மார்ச் 23, ஞாயிறு

கோகிலவாணியை அவள் பிறந்த ஊரில் கொண்டுவந்து விட்டேன். ஏழாம் மாதம் வளைகாப்பு போட்டுத்தான் அனுப்பவேண்டும், அதுதான் முறை. ஐந்தாம் மாதமே அனுப்பினால் மாமியார் சண்டையா என்று நாலு பேர் கேட்பார்கள். கேட்டார்கள். ஆமாம், பயங்கரச் சண்டை, பாத்திரமெல்லாம் பறந்தது என்று சொல்லிவைத்தேன். நீச்சல் தெரியாது என்று சபையில் சொன்னதற்கு ருக்மணிக்கு ஒரு பதில் கடன் பாக்கி இருந்தது, தீர்ந்தது.

சம்பந்தி முத்துவேலப்பன் வாசலிலேயே சொம்பு நிறையத் தண்ணீர் கொடுத்தார். குடிங்க சம்பந்தி, எங்க கெணத்துத் தண்ணி, சுத்துப்பட்டுல இப்படி ஒரு தண்ணி கெடையாது, டவுன் டாக்டர் ஒருத்தர் இதக் குடிச்சே வயித்துவலி தீத்துக்கிட்டாரு என்றார். எந்த டாக்டர் என்று கேட்டேன். அவருக்குப் பெயர் ஞாபகம் வரவில்லை. இப்படி வாய் கூசாமல் பீற்றிக்கொள்கிற ஆளை நான் என் ஆயுளில் பார்த்ததில்லை.

சொம்பைக் குடிக்காமல் கீழே வைத்தேன். கோகிலவாணிக்கு ஊற்றிய டம்ளரையும் வாங்கிக் கீழே வைத்தேன். இது எந்த ஊற்று, மேலே என்ன ஆலை இருக்கிறது, அருகில் யார் துணி அலசுகிறார்கள் என்று கேட்டேன். சம்பந்தியின் மீசை துடித்தது. அவர் தாத்தா வெட்டிய கிணறாம். நான் எழுந்து போய்க் கிணற்றுக்குள் எட்டிப்பார்த்தேன். கல் இடுக்கில் ஒரு ஆமை வெயில் காய்ந்துகொண்டிருந்தது. வால் தடிமனாகத்தான் தெரிந்தது. அங்கிருந்தே நித்யகலாவுக்குப் போன் போட்டேன். நீண்ட நேரம் அடித்தது. எடுத்தாள்.

"கண்ணு, கோகிலாவோட ஊருல ஒரு ஆமை இருக்குது. ஆணுன்னுதான் நெனைக்கறேன், தெரியல. ஐஸ் பெட்டிய எடுத்துட்டு வா. நான் தொட மாட்டேன், நீயே வந்து உன்ற கையால புடி" என்றேன்.

வியாழக்கிழமை வருகிறாளாம். அதற்குப் பிறகும் முடிவு தெரிய மூன்று வாரமாவது ஆகும். அதுவரை கோகிலவாணிக்குக் கேன் தண்ணீர்தான், சமையலுக்கும் அதுதான் என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். அவள் முதல் டம்ளரை வாங்கி முழுவதும் குடித்தாள். சம்பந்திக்கு முகம் தொங்கிவிட்டது. தொங்கட்டும்.